உடைந்த டிவிக்கு வண்டிக்கூலி யார் கொடுப்பது?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்), எங்கள் காம்பராவின் அட்டலில் (அடுப்புக்கு மேலுள்ள பரணில்) பதினான்கு அங்குல டிவி ஒன்று ஆறேழு வருடம் கிடந்தது. முதுகு புடைத்த பழைய காலத்து டிவி. அப்பா தீபாவளி முற்பணத்தோடு சீட்டுக்காசையும் போட்டு வாங்கியது. அதனால் படம் விழாமல் போன பிறகும் தூக்கியெறிய யாருக்கும் மனம் வரவில்லை. ஒருநாள் பழைய இரும்புக்காரர் ஆட்டோவில் லயத்துப் பக்கம் வந்தார். அம்மா டிவியை இறக்கிக் கொடுத்தார்.

அவர் அதை இஸ்தோப்பில் கவிழ்த்து வைத்து, பின்மூடியைக் கழற்றி, குழாயின் கழுத்தில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது. கழுத்தைச் சுற்றியிருந்த செப்புக் கம்பிச் சுருளை உருவினார். பச்சை நிறச் சர்க்கிட் தட்டைப் பிடுங்கினார். மிச்சமிருந்த கண்ணாடிக் குழாயை லயத்துக்குப் பின்னால் ஓடும் தண்ணீர்க் கானுக்குள் உருட்டிவிட்டார்.

"கண்ணாடியையும் கொண்டுபோ தம்பி, புள்ளைங்க வெளையாடுற எடம்" என்றார் அம்மா.

"அத யாரும் எடுக்க மாட்டாங்கக்கா. வண்டிக்கூலிக்குக்கூடத் தேறாது."

சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு, அம்மா கையில் கொஞ்சம் சில்லறையை வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவர் மீது கோபம்தான். பிறகு இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான், அவர் சொன்ன வண்டிக்கூலிக் கணக்கைச் சுற்றித்தான் உலகத்தில் இருக்கிற ஈ-வேஸ்ட் (இலத்திரனியல் கழிவு) சட்டங்கள் எல்லாமே எழுதப்பட்டிருக்கின்றன என்று தெரிந்தது. அந்தக் கணக்கை இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

எது இலத்திரனியல் கழிவு?

கரண்டிலோ பெட்டரியிலோ ஓடுகிற எந்தச் சாமானும், இனி வேண்டாம் என்று நாம் கைவிட்ட நிமிடத்திலிருந்து இலத்திரனியல் கழிவுதான். போன், கம்ப்யூட்டர் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ரைஸ் குக்கர், கேத்தல், அயன், டோர்ச், டிஷ் டிவிப் பெட்டி, அதன் ரிமோட், பிள்ளைகளின் சத்தம் போடும் பொம்மை, சார்ஜர் வயர், எரிந்துபோன பல்ப், எல்லாமே இதற்குள் வரும். ஐநா அமைப்புகள் வெளியிட்ட கணக்கின்படி 2022இல் உலகம் முழுக்க 6.2 கோடி தொன் ஈ-வேஸ்ட் சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்ததற்குப் பதிவு இருப்பது 22.3 வீதத்துக்குத்தான். மீதி நாலில் மூன்று பங்குக்கு மேல் அட்டலிலோ கானிலோ குப்பைமேட்டிலோ பழைய இரும்புக் கடையிலோ கிடக்கும்.

சரி, சாதாரணக் குப்பையோடு போட்டால் என்ன? ஒரே சாமானுக்குள் காசும் நஞ்சும் ஒட்டிக்கொண்டு இருப்பதுதான் சிக்கல். எங்கள் டிவியையே எடுத்துக்கொள்ளுங்கள். படக்குழாய்க்குள் உண்டாகும் எக்ஸ் கதிர் பார்ப்பவர் மேல் படாமல் தடுக்க, அந்தக் கண்ணாடியோடு ஈயத்தைக் கலந்து வார்த்தார்கள். பெரிய கலர் டிவியில் ஒரு கிலோவுக்கு மேல் ஈயம் இருக்கும். முழுசாக இருக்கும்வரை அது கண்ணாடிக்குள் அடங்கிக் கிடக்கும். உடைந்து தூளானால் மெல்லக் கசிய ஆரம்பிக்கும். அமிலத்தன்மை கூடிய இடத்தில் ஈயம் இன்னும் இலகுவாகக் கரையும். தேயிலை செழிப்பதற்கு அமில மண்தான் வேண்டும். அப்படியென்றால் நம் மலை மண் எப்படிப்பட்டது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளின் உடம்பில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மூளை வளர்ச்சியைத் தொடுகிற நஞ்சு.

வயர் இன்னொரு கதை. உள்ளே இருக்கும் செம்புக்காக வயரை எரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலுறை பிவிசி பிளாஸ்டிக். அதில் குளோரின் இருக்கிறது. சரியான சூடு இல்லாத திறந்த நெருப்பில், செம்பும் கூட இருக்க, அந்தக் குளோரின் டயொக்சின் என்ற நஞ்சாக மாறுகிறது. எரிப்பவருக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய்ச் செம்பு. டயொக்சின் புல்லில் படிந்து, புல்லைத் தின்னும் மாட்டின் பாலுக்குப் போகும்.

பழைய ஃபிரிட்ஜில் வேறு மாதிரி. இரும்புக்காக கம்ப்ரஸரை அறுக்கும்போது குழாயிலிருந்து சீறிப் போகிறதே ஒரு வாயு, அது பல ஃபிரிட்ஜில் ஆர்134ஏ என்ற குளிரூட்டும் வாயு. அதில் நூறு கிராம், சூழலைச் சூடாக்குவதில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டுக்குச் சமம். அது கண்ணுக்குத் தெரியாததால் யாரும் கவலைப்படுவதில்லை.

இதையெல்லாம் மலையில் இருப்பவர்களின் தலைவலி என்று கொழும்பு நினைத்தால் அது தப்பு. மவுசாக்கலை நீர்த்தேக்கம் மஸ்கெலி ஓயாவில் இருக்கிறது, காசல்ரீ கெஹெல்கமு ஓயாவில். இரண்டு ஆறும் சேர்ந்து களனி கங்கையாகிக் கீழே இறங்கி, அம்பத்தலேயில் சுத்திகரிக்கப்பட்டு, கொழும்புக் குழாய்களில் வருகிறது. கண்டியின் கொஹாகொட குப்பைமேடு மகாவலிக் கரையிலேயே இருக்கிறது. தண்ணீர் மேலிருந்துதான் கீழே வரும்.

ஏன் யாரும் எடுப்பதில்லை?

மீள்சுழற்சி என்றதும் பெரிய தொழிற்சாலை, நவீன மெஷின் என்றுதான் மனதில் வரும். அந்தப் பகுதிக்கு உலகத்தில் வழி இருக்கிறது. சர்க்கிட் தட்டிலிருந்து தங்கம், வெள்ளி, பல்லேடியம் வரை பிரித்தெடுக்கும் உருக்காலைகள் பெல்ஜியத்திலும் ஜப்பானிலும் இருக்கின்றன. இலங்கையில் அனுமதி பெற்ற நிறுவனங்கள் சாமானைக் கழற்றிப் பிரித்து, தட்டுகளை இப்படி வெளிநாட்டு உருக்காலைக்கு அனுப்புகின்றன. பேசல் உடன்படிக்கையில் இலங்கை 1992இல் சேர்ந்ததால், ஆபத்தான கழிவை நாட்டுக்கு நாடு அனுப்பும்போது முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் ஆபத்தில்லாத ஈ-வேஸ்டுக்கும் அதே விதிதான்.

கஷ்டம் அதற்கு முன்னால் இருக்கிறது. ஒரு தொன் தங்கத் தாதுவில் சில கிராம் தங்கம் இருந்தாலே சுரங்கம் தோண்டுவார்கள். ஒரு தொன் பழைய போனில் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு போன் 150 கிராம் என்று வைத்தால், ஒரு தொன் சேர்க்க ஆறாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட போன் வேண்டும். அவை அத்தனை வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. சுரங்கத்தில் தங்கம் ஒரே இடத்தில் இருக்கிறது. இங்கே பொகவந்தலாவையில் ஒன்று, ராகலையில் ஒன்று, ஹப்புத்தளையில் ஒன்று. இதை வீடு வீடாகப் போய் எடுத்து, கரடுமுரடான தோட்டத்து ரோட்டில் இறக்கி, கொழும்புப் பக்கம் கொண்டுசேர்க்கும் செலவு யார் தலையில்?

பழைய இரும்புக்காரர் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார். இலாபம் வருவதை எடுப்பார், நட்டம் வருவதை அங்கேயே விட்டுவிடுவார். சந்தையை அதன் போக்கில் விட்டால் எப்போதும் இப்படித்தான் நடக்கும்: செம்பு ஊரைவிட்டுப் போகும், ஈயம் ஊரிலேயே தங்கும். நட்டம் வரும் பாதியையும் எடுக்க வைப்பதற்குத்தான் அரசாங்கக் கொள்கை வேண்டியிருக்கிறது.

போத்தல் காசு

இதற்குப் பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை. கடையில் கண்ணாடிப் போத்தல் சோடா வாங்கினால் முதலாளி என்ன கேட்பார்? "வெறும் போத்தல் கொண்டாந்தியா?" கொண்டுவராவிட்டால் போத்தலுக்கும் சேர்த்துக் காசு. திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசு திரும்பி வரும். இதனால்தான் சோடாப் போத்தல் கானில் கிடப்பதில்லை, கிடந்தாலும் ஒரு சின்னப் பயல் பொறுக்கிக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிடுவான். ஆட்டோக்காரர்களுக்கு இன்னொரு உதாரணம் தெரியும். புதுப் பெட்டரி வாங்கப் போகும்போது பழைய பெட்டரியைக் கொடுத்தால் விலை குறையும். வாகனப் பெட்டரியை யாரும் தேயிலைக்குள் வீசி நான் பார்த்ததில்லை.

முன்பணம் கட்டித் திரும்பப் பெறும் இந்த முறை, கொள்கைக் கருவிகளில் ஒன்று. இதைவிடப் பெரிய கருவி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் விரிவுபடுத்தப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு. வாயில் நுழையாத பெயர், ஆனால் விஷயம் எளிது. ஒரு சாமானைச் சந்தைக்குக் கொண்டுவந்து இலாபம் பார்ப்பவர், அது செத்த பிறகு அதைச் சேகரித்து அழிப்பதற்கும் பொறுப்பு. சுவீடனைச் சேர்ந்த தோமஸ் லிண்ட்க்விஸ்ட் என்ற ஆய்வாளர் 1990இல் இந்தப் பெயரைச் சூட்டினார். குப்பை அள்ளும் செலவு ஊர்ச் சபையின் தலையில் விழும்வரை, கம்பனிக்குச் சாமானைக் கழற்ற இலகுவாகச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. செலவு தன் தலையில் விழுந்தால், பசை போட்டு ஒட்டுவதற்குப் பதிலாக ஆணி போட்டு முடுக்கலாமா என்று யோசிக்க ஆரம்பிக்கும். அந்த யோசனை வரவேண்டும் என்பதும் இதன் நோக்கத்தில் பாதி.

ஒரே எண்ணம்தான், ஆனால் நாட்டுக்கு நாடு காசு கை மாறும் இடம் வேறு. சுவிட்சர்லாந்தில் புதுச் சாமான் வாங்கும்போதே விலைக்குள் மீள்சுழற்சிக் கட்டணம் சேர்ந்துவிடும். பழையதை, அதே வகைச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் இலவசமாகக் கொடுக்கலாம், அந்தக் கடையில் வாங்கியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஜப்பான் 2001இல் டிவி, ஃபிரிட்ஜ், வொஷிங் மெஷின், ஏசி நான்குக்கும் கொண்டுவந்த சட்டம் நேரெதிர்: தூக்கிப் போடும்போது வீட்டுக்காரர் காசு கட்டி ரிக்கட் வாங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நானூறு சதுர மீற்றருக்கு மேல் இலத்திரனியல் விற்கும் கடைகள், 25 சென்ரிமீற்றரை விடச் சிறிய பழைய சாமான்களை எதுவும் வாங்காதவரிடமிருந்தும் சும்மா ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்தியாவின் புதிய விதிகள் 2023 ஏப்ரலில் அமுலுக்கு வந்தன. அங்கே உற்பத்தியாளர்கள், அனுமதி பெற்ற மீள்சுழற்சியாளரிடமிருந்து சான்றிதழ் வாங்கித் தங்கள் இலக்கைக் காட்டுகிறார்கள். சான்றிதழை எண்ணுகிற முறையில், கண்காணிப்பு தளர்ந்தால் சாமான் காகிதத்தில் மட்டும் மீள்சுழற்சியாகும் ஆபத்து உண்டு.

இதில் நமக்கு எது பொருந்தும் என்று என்னைக் கேட்டால், ஜப்பான் வழி மலைநாட்டுக்கு ஆகாது. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்திடம், உடைந்த ஃபிரிட்ஜைத் தூக்கிப் போடக் காசு கட்டு என்றால் அது எங்கே போகும்? பள்ளத்துக்குத்தான். ஜப்பானிலேயே சட்டவிரோதமாக வீசுவது பற்றிய பேச்சு இருக்கிறது. சாமான் வாங்கும் நேரத்திலேயே காசை எடுத்துவிட வேண்டும். இலங்கைக்கு இதில் ஒரு வசதி உண்டு. நம்மிடம் விற்கும் போன், டிவி பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவை. உற்பத்தியாளர் என்றால் இங்கே இறக்குமதியாளர். கொழும்புத் துறைமுகம், கட்டுநாயக்கா என்று ஒன்றிரண்டு வாசலில் உட்கார்ந்து கட்டணத்தை எடுத்துவிடலாம். போன் கொண்டுவருவதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி ஏற்கெனவே வேண்டும், ஆக யார் எவ்வளவு கொண்டுவருகிறார் என்ற கணக்கும் இருக்கிறது.

காசு எடுப்பதில் நம் நாடு சோம்பேறி இல்லை. 2008இலேயே சுற்றாடலைப் பாதுகாக்கும் பெயரில் ஓர் அறவீட்டுச் சட்டம் வந்து, கைபேசிப் பாவனையும் அதற்குள் சிக்கியது. அதனால் எங்கள் லயத்தில் ஒரு பழைய போனும் கூடுதலாகச் சேகரிக்கப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அறவீட்டில் சேரும் காசு, வண்டிக்கூலியாகத் திரும்பி வருவதற்குச் சட்டத்திலேயே வழி எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது இன்னொரு வரி, அவ்வளவுதான்.

சட்டம் எங்கே நிற்கிறது, லயம் எங்கே இருக்கிறது

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008 வர்த்தமானி ஒழுங்குவிதிகள் இலத்திரனியல் கழிவைப் பட்டியலிட்ட கழிவுகளில் சேர்த்தன. அதைச் சேகரிக்க, ஏற்றியிறக்க, களஞ்சியப்படுத்த, மீள்சுழற்சி செய்ய மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அனுமதிப்பத்திரம் கெட்டவரைத் தடுக்கும், நல்லவரை மஸ்கெலியா வரைக்கும் வரவைக்காது. பத்திரம் வைத்திருப்பவருக்கும் டீசல் விலை ஒன்றுதான்.

2020 ஒக்டோபரில் அதிகாரசபை ஒரு வாரம் தபாலகங்கள் வழியாக மக்களிடமிருந்து ஈ-வேஸ்ட் வாங்கியது. எனக்கு இந்த யோசனை பிடிக்கும். தபாலகம் எல்லா ஊரிலும் இருக்கிறது, மக்களுக்கு வழி தெரியும். ஆனால் தோட்டத்தில் கடிதமே ஒழுங்காக வீட்டு வாசலுக்கு வருவதில்லை. காம்பராவுக்கு என்று ஒரு முகவரி இல்லாமல், தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி வரும். வருகிற கடிதமே இந்தப் பாடு என்றால், போகிற டிவியை யார் தூக்கிக்கொண்டு டவுனுக்கு நடப்பது?

அடுத்த முடிச்சு, குப்பை யாருடையது என்பது. டவுன்வாசிக்கு நகர சபை வண்டி வரும். லயமோ தோட்டக் கம்பனியின் நிலத்தில் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் இருந்த 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்றே பல காலம் சொல்லிவந்தார்கள். அந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்தில் அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகளைப் பிரித்து மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளும் வந்தன. கதவு திறந்துவிட்டது. உள்ளே வர வண்டியும் ஆளும் காசும் வேண்டும், சபைக்கு வருமானம் குறைவு. இறக்குமதியாளர் கட்டணத்தில் ஒரு பங்கு, தொன்னுக்கு இவ்வளவு என்று, சேகரித்துக் கொடுத்த சபைக்கே போனால் இந்த இடைவெளி அடைபடும். தூரத்துக்கு ஏற்ப அந்தப் பங்கு கூடவும் வேண்டும். தெஹிவளையில் ஒரு தொன் சேர்ப்பதும் தோட்டத்து அப்பர் டிவிசனில் ஒரு தொன் சேர்ப்பதும் ஒரே செலவில் முடியாது. இலக்கை நாடு முழுக்க ஒரே எண்ணாக வைத்தால், எல்லோரும் கொழும்பிலேயே சேகரித்து இலக்கை முடித்துவிடுவார்கள். ஐரோப்பா 65 வீதம் சேகரிக்க வேண்டும் என்று 2019இலிருந்து சட்டம் போட்டும் பெரும்பாலான உறுப்பு நாடுகள் எட்டவில்லை. அங்கே நல்ல ரோடும் இருக்கிறது.

நம்மிடம் இல்லாதது போலத் தெரிகிற ஒன்று நம்மிடம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கொழுந்து லொறி. ஒரு மலையில் பறித்த கொழுந்து, நாளுக்கு இரண்டு மூன்று தடவை மடுவத்தில் ஆள்வாரியாக நிறுக்கப்பட்டு, கணக்கு எழுதப்பட்டு, வாடுவதற்குள் தொழிற்சாலைக்குப் போய்ச் சேருகிறது. எந்த மலை, யார் பறித்தது, எத்தனை கிலோ என்று எழுதிவைக்கிற பழக்கம் தோட்டத்துக்கு அத்துப்படி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கொழுந்து இல்லாத ஞாயிற்றுக்கிழமையில், அதே மடுவத்தில் அதே தராசில் பழைய சாமானை நிறுத்து, கிலோவுக்கு ஒரு காசு கொடுத்தால் போதும். கொழுந்தோடு கலக்காமல் வேறு வண்டியில் ஏற்ற வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. தேயிலைக்குள் ஈயம் போனால் நாடே பதில் சொல்ல வேண்டி வரும்.

பழைய இரும்புக்காரரை இந்தப் படத்திலிருந்து வெட்டுகிற திட்டம் எதையும் நான் நம்பமாட்டேன். எந்த லயத்தில் எந்த வீட்டில் என்ன கிடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அதிகாரிக்கும் தெரியாது. அனுமதிப்பத்திரம் இல்லை என்று அவரைத் துரத்தினால் அவர் இராத்திரியில் வருவார், வயரை இன்னும் தூரமான பள்ளத்தில் எரிப்பார். அவரைப் பதிவு செய்து, உடைக்காமல் முழுசாகக் கொண்டுவந்தால் கூடுதல் விலை என்று வைத்தால் கதை மாறும். அன்றைக்கு எங்கள் டிவியின் கண்ணாடிக்கும் ஹட்டன் டவுனில் ஒரு விலை இருந்திருந்தால், அவர் அதைக் கானுக்குள் உருட்டியிருக்க மாட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர், கூலிக் கணக்குப் பார்க்கிறவர்.

திருத்துவதையும் கொள்கைக்குள் கொண்டுவர வேண்டும். 2022இல் ரூபாய் சரிந்து, பதின்மூன்று மணி நேரம் கரண்ட் போன நாட்களில், போன் திருத்தும் கடைகளில் கூட்டம் அலைமோதியது ஞாபகம் இருக்கும். ஒரு போன் இரண்டு வருடம் கூடுதலாக ஓடினால் அந்த இரண்டு வருடத்துக்கு அது கழிவு இல்லை. உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும், விலை கட்டுபடியாக வேண்டும். இறக்குமதித் தீர்வையில் உதிரிப்பாகத்துக்குச் சலுகை கொடுப்பது, புதுச் சட்டம் எழுதுவதைவிட இலகு.

இவையெல்லாம் வரும்வரை வீட்டில் இருப்பதை என்ன செய்வது என்று கேட்பீர்கள். போனையும் சர்க்கிட் உள்ள சாமானையும் காய்ந்த இடத்தில் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். அட்டலில் கிடப்பது கானில் கிடப்பதைவிட நல்லது. ஆனால் பெட்டரி ஊதிப்போன போனை அங்கே வைக்க வேண்டாம். அட்டலுக்குக் கீழேதான் அடுப்பு. அதைச் சார்ஜ் போடாமல், குத்தாமல், மண் போட்ட தகரப் பேணியில் வீட்டுக்கு வெளியே, மழை படாத இடத்தில் வையுங்கள். கழற்றிய பெட்டரிகளின் முனையில் டேப் ஒட்டிவிடுங்கள். உடைந்த குழாய் பல்பில் கொஞ்சம் இரசம் இருக்கும், விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரக் கடதாசியால் ஒற்றி எடுங்கள். சேகரிப்பு நாள் எப்போது என்று பிரதேச சபை உறுப்பினரிடம் கேளுங்கள், தேர்தலுக்கு முந்திய மாதம் என்றால் இன்னும் நல்லது. பழைய இரும்புக்காரரிடம் ஃபிரிட்ஜைக் கொடுத்தால் குழாயை இங்கே அறுக்காமல் முழுசாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பாரம் கூடும், வண்டியில் ஏறாது என்று சொல்வார். ஒரு கை பிடித்து ஏற்றிவிடுங்கள்.